வழியில் எதிர்ப்பட்டவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சொந்த ஊரான அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்து ஏறுவதற்காக வண்ணார்பேட்டையில் நின்றுகொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பில் தமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பார்த்திருக்கிறார். அந்த மகிழ்ச்சியை ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக எழுதும்போது 'சடன்லி ஐ ஸா மை மேத்ஸ் டீச்சர்' என்று எழுதியிருக்கிறார். திருத்தியவர் அதை அடித்துவிட்டு 'ஐ ரேன் இன்டூ மை மேத்ஸ் டீச்சர்' என்று மாற்றியிருக்கிறார். "டீச்சர் மேல் ஓடிப்போய் மோதினேன் என்றல்லவா படிப்பவர்கள் நினைப்பார்கள்? அது மரியாதைக் குறைவாக இருக்காதா? எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு என்னென்ன சொற்கள் இருக்கின்றன?" என்பது அவர் கேள்வி.

திருத்தம் சரியானது, மரியாதைக் குறைவு எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த மாணவிக்கு வந்த ஐயம் மிக நியாயமான ஐயம். இந்தப் பகுதியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இதே ஐயத்தைப் பல வகுப்புகளில் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டால் அந்த ஐயம் தீராது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரன் இன்டூ. ரன் என்பது ஓடுவது என்று நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதற்கு மேல் அந்தச் சொல்லைத் திறந்து பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைச் சுமக்கும் வினைகளில் அது ஒன்று. ஆறு ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், செலவு லட்சக்கணக்கில் போனாலும் 'ரன்ஸ் இன்டூ லேக்ஸ்'. போகிற போக்கில் நாம் தேடாத ஒன்று முன்னால் வந்து நின்றால் அதற்கும் ரன் இன்டூ. 'வி ரேன் இன்டூ ஹெவி ரெயின் நியர் கயத்தாறு' என்றால் கயத்தாற்றுக்குப் பக்கத்தில் பெருமழையில் அகப்பட்டோம் என்று பொருள். மழை மேல் யாரும் ஓடி மோதவில்லை. ஒருவர் 'ஐ ரேன் இன்டூ மை டீச்சர்' என்னும்போது ஆங்கிலம் பேசுகிறவர் மனத்தில் ஓட்டமும் வராது, மோதலும் வராது. நடந்துபோகிற வழியில் டீச்சர் எதிரே வந்தார், நின்று இரண்டு வார்த்தை பேசினோம் என்னும் காட்சிதான் வரும்.

பம்ப் இன்டூ என்பதும் அவ்வாறே. பம்ப் என்றால் இடித்துக்கொள்வது. தேரோட்டக் கூட்டத்தில் தோளோடு தோள் இடிபட, யாரென்று திரும்பிப் பார்த்தால் தெரிந்தவராக இருப்பதுபோல ஒரு படம் அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் இன்று பேசுகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. இரண்டில் பம்ப் இன்டூ இன்னும் கொஞ்சம் வீட்டுப் பேச்சுத் தொனி உடையது. நண்பரைப் பற்றி, உறவினரைப் பற்றி எழுதும்போது இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

மோதல் என்ற பொருள் அடியோடு மறைந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. வாகனம் எழுவாயாக வந்தால் பழைய பொருள் உடனே எழுந்துவிடும். 'மை பைக் ரேன் இன்டூ எ லாரி' என்றால் அது விபத்துதான். இன்டூ என்ற இடத்தில் ஓவர் என்று ஒரு சொல்லை மாற்றிவிட்டால் இன்னும் மோசம். 'ஐ ரேன் ஓவர் மை டீச்சர்' என்பது டீச்சர் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன் என்பதாகும். தேர்வுத்தாள் ஒன்றில் இதேபோன்ற ஒரு வாக்கியத்தை நானே படித்துத் திடுக்கிட்டிருக்கிறேன். எழுதிய பையன் தன் மாமாவைக் குற்றாலத்தில் பார்த்த மகிழ்ச்சியைத்தான் சொல்ல வந்திருந்தான். பம்ப் என்பதோடு இன்டூவுக்குப் பதில் ஆஃப் சேர்ந்தால் கொலை செய்வது என்று பொருள். நம் பக்கத்தில் இடித்துக்கொள்வதற்கு 'டேஷ் அடிச்சுட்டான்' என்கிறோமே, அந்த டேஷ் என்பதற்குச் சந்திப்பு என்ற பொருள் ஆங்கிலத்தில் எந்த இடத்திலும் கிடையாது. எனவே அந்த இன்டூ என்னும் சின்னச் சொல்லை வினையின் உடம்பிலேயே ஒரு பகுதியாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதை விடவும் கூடாது, வினையிலிருந்து பிரித்து ஆளின் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. 'ஐ ரேன் இன்டூ ஹர்' என்பதே வாக்கியம்; 'ஐ ரேன் ஹர் இன்டூ' என்பதற்குப் பொருளே இல்லை. இறந்தகாலம் ரேன் என்பதும், பம்ப் என்பதற்குப் பம்ப்ட் என்பதும் எழுதும் வேகத்தில் மறந்துபோகக் கூடியவை.

இனி, இந்த மாணவி ஏன் ரன் இன்டூ என்பதைக் கண்டு தயங்கினார் என்பதற்கு வருகிறேன். என் கணிப்பில் விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நாம் தமிழில் இந்தச் செய்தியை எப்படிச் சொல்கிறோம் என்று கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். எழுதும்போது எதிர்பாராமல், தற்செயலாக, எதேச்சையாக என்று ஓர் அடைமொழியைப் போட்டு, சந்தித்தேன் என்று முடிக்கிறோம். எதிர்பாராமை முழுவதும் அந்த அடைமொழியில் இருக்கிறது. சந்தித்தேன் என்ற வினைக்கு அதில் பங்கு இல்லை. பேச்சிலோ இந்த அடைமொழிகளை நாம் பெரும்பாலும் தொடுவதே இல்லை. 'டீச்சர் கண்ணில் பட்டார்', 'வழியில் எதிர்ப்பட்டார்', 'தட்டுப்பட்டார்', 'தென்பட்டார்' என்கிறோம். எல்லாவற்றிலும் படு என்ற வினை வருகிறது. எல்லாவற்றிலும் எழுவாய் டீச்சர்தான். நான் ஒன்றும் செய்யவில்லை. நான் என் பாட்டுக்கு நின்றேன், டீச்சர் வந்து என் கண்ணில் பட்டார். எதிர்பாராமை என்ற செய்தியை நம் மொழி இப்படித்தான், என்னைச் செயலற்றவராக நிறுத்தி உணர்த்துகிறது. ஆங்கிலமோ நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே எழுவாய் நான். நான்தான் ஓடினேன், நான்தான் இடித்தேன், நான்தான் தடுக்கி விழுந்தேன். என் செயல் என் கட்டுப்பாட்டுக்கு அப்பால் போய்விட்டது என்பதைக் காட்டி எதிர்பாராமையை அந்த மொழி சொல்கிறது. தமிழில் மூத்தவர் ஒருவர் மேல் நான் எதையாவது செய்ததாகச் சொல்ல நமக்கு வாய் கூசும். அந்தக் கூச்சம்தான் இந்த மாணவியின் ஐயமாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மரியாதை வினையில் உட்கார்ந்திருப்பதில்லை என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால் அந்தக் கூச்சம் விலகிவிடும்.

படு என்ற இந்த வினை ஆராய்ச்சிக்கு உரியது. 1841இல் நம் மாவட்டத்து இடையன்குடிக்கு வந்து சேர்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இந்தப் படு துணைவினையாக நின்று செயப்பாட்டுவினை அமைவதைத் தம் நூலில் எடுத்துப் பேசியிருக்கிறார். அதன் பழைய பொருள்களில் ஒன்று விழுதல். ஞாயிறு பட்டது என்றால் சூரியன் விழுந்தது, மறைந்தது. கண்ணில் பட்டார் என்றால் கண்ணில் வந்து விழுந்தார் என்றே கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் இந்த விழுதல் வேறு வேடத்தில் வரப்போகிறது.

திருநெல்வேலிப் பேச்சில் இன்னும் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. அவை எங்கள் மாணவர்களின் ஆங்கிலத்தில் தனித் தடம் பதித்திருப்பதால் சொல்ல வேண்டும். ஒன்று, 'வச்சு'. 'டீச்சரை வண்ணார்பேட்டைல வச்சுப் பாத்தேன்' என்பது இங்கே மிக இயல்பான வாக்கியம். அந்த 'வச்சு' இடத்தைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அதையும் மொழிபெயர்க்க முயன்று 'கீப்பிங்' என்று எழுதியவர்களை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் 'அட் வண்ணார்பேட்டை' என்றாலே போதும். இன்னொன்று, ஆச்சரியத்தைக் காட்டும் 'பாக்கேன்'. 'பஸ்ஸுக்கு நிக்கேன், திரும்பிப் பாக்கேன், டீச்சர் நிக்காவ!' என்று சொல்லும்போது, நடந்து முடிந்த ஒன்றை நிகழ்காலத்தில் சொல்லி, பாக்கேன் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தி, அந்த நிறுத்தத்தில் திகைப்பை வைக்கிறோம். இதற்கு இணையானது ஆங்கிலத்தில் உண்டு. 'ஐ டர்ண்ட் ரவுண்ட், அண்ட் தேர் ஷி வாஸ்' என்பார்கள். தேர் என்பதை முன்னால் தூக்கி வைத்ததில் அதே திகைப்பு இருக்கிறது. இதைவிடக் கொஞ்சம் கதைசொல்லித் தொனி வேண்டுமென்றால் 'ஹூ ஷுட் ஐ ஸீ பட் மை மேத்ஸ் டீச்சர்' என்று எழுதலாம். யாரைப் பார்த்தேன் தெரியுமா, நம் கணக்கு டீச்சரைத்தான் என்பது போன்றது அது. இவை இரண்டும் நெல்லைப் பேச்சின் மூச்சுக்கு மிக நெருங்கியவை என்று எனக்குத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இவற்றை ஏன் கற்பிப்பதில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

மாணவி முதலில் எழுதிய வாக்கியத்தில் இரண்டு இடர்ப்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ஸா. தமிழில் பார்த்தேன் என்பது கண்ணால் கண்டதையும் சந்தித்துப் பேசியதையும் சேர்த்துக் குறிக்கும். 'நேத்து உங்க மைனியைப் பாத்தேன்' என்று ஒருவர் சொன்னால், பேசியிருப்பார் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த கேள்வி 'என்ன சொன்னாவ?' என்பதுதான். ஆங்கிலத்தில் 'ஐ ஸா ஹர் அட் தி பஸ் ஸ்டாப்' என்றால், தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி என்று ஆகிவிட வாய்ப்பு அதிகம். ரன் இன்டூ என்றால் பேசியதும் அதில் அடங்கும். ஸா என்பதை மீட் என்று மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். மீட் என்பதன் இறந்தகாலமான மெட், இருவிதச் சந்திப்புக்கும் பொது; நேரம் குறித்துக்கொண்டு போய்ச் சந்தித்தார்களோ என்றும் படிப்பவர் நினைக்கலாம். அதோடு மெட் என்பதற்கு முதன்முதலில் அறிமுகமானது என்ற பொருளும் வலுவாக உண்டு. 'ஐ மெட் மை ஹஸ்பண்ட் இன் தென்காசி' என்று ஒரு பெண் சொன்னால் கணவரைத் தென்காசியில்தான் முதலில் அறிந்தார் என்று பொருள். இதனால்தான் முதல்முறை காண்பவரிடம் 'நைஸ் டு மீட் யூ' என்றும், ஏற்கெனவே தெரிந்தவரிடம் 'நைஸ் டு ஸீ யூ' என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய டீச்சரிடம் போய் 'நைஸ் டு மீட் யூ' என்றால், அவர் தம்மை மறந்துவிட்டாள் என்று எண்ணி முகம் வாடிவிடுவார்.

மற்றொரு இடர்ப்பாடு சடன்லி. திடீரென்று என்பதற்குத் தமிழில் இரு முகங்கள்: வேகம் ஒன்று, எதிர்பாராமை மற்றொன்று. சடன்லி வேகத்தையே முதன்மையாகக் குறிக்கும். விளக்கு சடன்லி அணையலாம், மாடு சடன்லி குறுக்கே பாயலாம். டீச்சர் அங்கே முன்பே நின்றுகொண்டிருந்தவர். அவர் இருப்பதில் திடீர் என்று எதுவும் இல்லை. அன்எக்ஸ்பெக்டட்லி என்ற சொல் பொருளால் சரியானது. ஆனால் பேச்சில் கனமாக விழும், அறிக்கை எழுதுவது போன்ற தோற்றம் தரும்.

பை சான்ஸ், ஆக்சிடென்டலி, கோஇன்சிடென்டலி என்ற மூன்றையும் மாணவர்கள் ஒன்றுபோலப் போடுகிறார்கள். இவற்றின் பிறப்பைச் சொன்னால் வேறுபாடு எளிதில் விளங்கும். சான்ஸ், ஆக்சிடென்ட், கோஇன்சிடென்ஸ் ஆகிய மூன்றும், விழுதல் என்ற பொருளுடைய காதெரே என்னும் ஒரே லத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை. பகடை விழுவதுபோல விழுந்தது சான்ஸ்; நம் மேல் வந்து விழுந்தது ஆக்சிடென்ட்; இரண்டு சேர்ந்தாற்போல விழுந்தது கோஇன்சிடென்ஸ். முன்னே சொன்ன நம் படு என்பதிலும் அதே விழுதல் இருப்பதைப் பாருங்கள். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், நினையாமல் நேர்வதைச் சொல்ல ஒரே செயலைத் தேடிப் போயிருக்கின்றன. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு சிலிர்ப்பு உண்டாகும்.

பொருளுக்கு வருவோம். கோஇன்சிடென்ஸ் என்றால் இரண்டு நிகழ்ச்சிகள் ஒத்து விழ வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்கிறோமே, அதுதான் அது. உடன்குடிப் பக்கத்தில் பனைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. டீச்சரைப் பார்த்தது மட்டும் கோஇன்சிடென்ஸ் ஆகாது. காலையில் பழைய கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், மாலையில் கணக்கு டீச்சரே எதிரே வந்தார் என்றால் அது கோஇன்சிடென்ஸ். ஆக்சிடென்டலி என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் தவறுதலாக என்ற நிழல் அதில் விழுகிறது. தவறுதலாகக் கதவைத் திறந்தேன், தவறுதலாகச் செய்தியை வேறொருவருக்கு அனுப்பிவிட்டேன் என்ற இடங்களுக்கு அது பொருத்தம். போதாததற்கு ஆக்சிடென்ட் என்ற சொல் நம் காதில் நாற்கர சாலையையும் ஆம்புலன்ஸையும்தான் கொண்டுவருகிறது. 'மெட் வித் அன் ஆக்சிடென்ட்' என்பது விபத்துக்கு உள்ளானார் என்பதற்கு நாம் இங்கே எழுதும் தொடர் என்பதால், மெட் என்பதும் ஆக்சிடென்ட் என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

சான்ஸ் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் சான்ஸ் என்றால் வாய்ப்பு. அதனால் 'ஐ காட் எ சான்ஸ் டு மீட் மை டீச்சர்' என்று எழுதிவிடுகிறார்கள். டீச்சரைச் சந்திக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது என்றுதான் அதற்குப் பொருள்; எதிர்பாராமை அதில் துளியும் இல்லை. 'ஐ மெட் மை டீச்சர் பை சான்ஸ்' என்று, பை என்பதைச் சேர்த்து எழுதினால்தான் தற்செயல் என்ற பொருள் வரும். அவ்வாறு எழுதுவது சுத்தமான, எந்த இடத்துக்கும் ஏற்ற வாக்கியம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு எல்லாவற்றிலும் இயல்பாகக் கைக்கு வரக்கூடியது என்று நான் பரிந்துரைப்பது ஹேப்பன்ட் டு. 'ஐ ஹேப்பன்ட் டு மீட் மை டீச்சர்' என்றால், டீச்சரைச் சந்திக்க நேர்ந்தது. நேர் என்ற வினையும் ஹேப்பன் என்ற வினையும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. டு என்பதற்குப் பிறகு எந்த வினையையும் போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் வசதி: பார்க்க நேர்ந்தது, கேட்க நேர்ந்தது, பக்கத்தில் உட்கார நேர்ந்தது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்திலும் இது பொருந்தும், வீட்டில் பேசும்போதும் பொருந்தும். இதன் வேரான ஹேப் என்பது அதிர்ஷ்டம் என்ற பொருளில் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஹேப்பி என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததுதான். அதற்கு முதலில் அதிர்ஷ்டம் வாய்ந்தவர் என்றே பொருள் இருந்தது. பெர்ஹேப்ஸ், மிஸ்ஹேப் என்பனவும் அதே குடும்பம்.

என்கவுன்டர் என்ற சொல்லை நம் நாட்டில் கவனமாகத் தொட வேண்டும். அகராதியில் எதிர்ப்படுதல் என்று போட்டிருப்பதைப் பார்த்து 'ஐ என்கவுன்டர்ட் மை அங்கிள்' என்று எழுதினால், இலக்கணம் குற்றம் சொல்லாது. ஆனால் செய்தித்தாள் படிக்கிற எந்தத் தமிழரும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்பார். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டைக் குறிக்க இந்தியச் செய்தித்தாள்கள் இச்சொல்லை அவ்வளவு ஆழமாகப் பதித்துவிட்டன. இந்தப் பொருள் வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. எதிராக என்ற பொருளுடைய கான்ட்ரா என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது எதிரிகள் ஒருவரை ஒருவர் சந்தித்து மோதுவதையே அது குறித்தது. நம் எதிர் என்ற சொல்லிலிருந்து எதிர்ப்பட்டவரும் வருகிறார், எதிரியும் வருகிறார் அல்லவா, அதே கதைதான் அங்கும். இடையூறுகளை, சிக்கல்களை எதிர்கொள்வதற்கு என்கவுன்டர் நல்ல சொல். உறவினருக்கு வேண்டாம்.

கம் அக்ராஸ், ரன் அக்ராஸ் என்பவை ஆளைவிடப் பொருளுக்குப் பொருத்தமானவை. அலமாரியைத் துடைக்கும்போது ஆச்சியின் பழைய புகைப்படம் அகப்பட்டால் 'ஐ கேம் அக்ராஸ் அன் ஓல்ட் போட்டோ'. ஆளுக்குச் சொல்வதானால், இப்படிப்பட்ட நேர்மையானவரை நான் கண்டதில்லை என்பது போல ஆளின் இயல்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அழகாக உட்காரும். ஸ்டம்பிள் அபான் என்பது தடுக்கி விழுந்தாற்போலக் கண்டெடுப்பது. சான்ஸ் அபான், ஹேப்பன் அபான் இரண்டும் கதை எழுதுகிறவர்களின் சொற்கள். 'அவர் பாத்ஸ் கிராஸ்ட்' என்பது ஒரு நாள் சந்திப்பை மட்டுமன்றி வாழ்க்கை வழியில் இருவர் குறுக்கிட்டதையும் சொல்லும். முப்பது ஆண்டுக்குப் பின் திரும்பிப் பார்த்து எழுதும்போது அதன் அழகு கூடும். 'கேம் ஃபேஸ் டு ஃபேஸ் வித்' என்பது நேருக்கு நேர். அதில் சற்றே இறுக்கம் உண்டு. கடன் கொடுத்தவர் எதிரே வந்துவிட்டால் சொல்லலாம். யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றால் டிராப்ட் இன்.

செரண்டிப்பிட்டி என்ற சொல்லை இப்போது இளைஞர்கள் மிகவும் விரும்பி எழுதுகிறார்கள்; அதைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று எழுதிய கடிதம் ஒன்றில் அதை உருவாக்கினார். செரண்டிப் என்பது நமக்கு எதிர்க்கரையில், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இருக்கும் இலங்கைக்கு அரபியரும் பாரசீகரும் இட்ட பழைய பெயர். அந்நாட்டு இளவரசர் மூவர், தாம் தேடாத நல்லவற்றைத் தற்செயலாலும் கூர்ந்த அறிவாலும் கண்டடைந்துகொண்டே போவதாக ஒரு பாரசீகக் கதை. அதை நினைத்து வால்போல் இந்தப் பெயரை அமைத்தார். ஆகவே நன்மை விளைந்தால்தான் அது செரண்டிப்பிட்டி. பேருந்து நிறுத்தத்தில் டீச்சரைக் கண்டு, அவர் சொன்ன ஒரு தகவலால் உங்களுக்கு மேற்படிப்புக்கு வழி பிறந்தது என்றால் அந்தச் சொல்லை எழுதுங்கள். நலம் விசாரித்துவிட்டுப் பிரிந்ததற்கு அது அதிகம்.

சந்தித்த நொடியில் வாயில் வரும் சொற்களையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே தடுமாறினால் பிந்திய பேச்சே நடக்காது. நாம் 'என்ன அண்ணாச்சி, எங்க இந்தப் பக்கம்?' என்று கேட்பதில் அன்பு மட்டும்தான் இருக்கிறது. அதை அப்படியே 'வொய் யூ கேம் ஹியர்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் விசாரணைபோல் ஆகிவிடும். 'வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?' என்று கேட்க வேண்டும். உங்களை இங்கே கொண்டுவந்தது எது என்னும் அந்தக் கேள்வியில், 'என்ன காத்து இந்தப் பக்கம் அடிக்கு?' என்ற நம் கேள்வியின் சாயல் இருக்கிறது. 'ஃபேன்ஸி மீட்டிங் யூ ஹியர்' என்பது பிரிட்டன்காரர்களின் வியப்பு. 'ஸ்மால் வேர்ல்ட்' என்பது, எதிர்பாராத தொலைவில் ஊர்க்காரர் ஒருவர் அகப்படும்போதும், புதிதாக அறிமுகமானவர் நமக்கு வேண்டியவருக்கும் வேண்டியவர் என்று தெரியவரும்போதும் சொல்வது. பக்கத்துத் தெருக்காரரை டவுண் ரத வீதியில் பார்த்ததற்கு அதைச் சொன்னால் பொருந்தாது. 'லாங் டைம் நோ ஸீ' நண்பர்களுக்குள் இருக்கட்டும். டீச்சரிடம் 'இட்ஸ் பீன் எ லாங் டைம், மேம்' என்று சொல்வதே அழகு.

ஒன்றில் மட்டும் இரு மொழிகளும் முற்றிலும் பிரிந்து நிற்கின்றன. ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றால், நாம் 'நூறு ஆயுசு உங்களுக்கு' என்று வாழ்த்துகிறோம். அதே இடத்தில் ஆங்கிலம் 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்' என்கிறது. பிரிட்டனில் 'டாக் ஆஃப் தி டெவில்'. சாத்தானைப் பேசினால் சாத்தான் வந்துவிடுவான் என்ற பழைய அச்சம் அதற்குள் இருக்கிறது. இப்போது அதைச் சொல்கிறவர்களுக்கு அந்த அச்சமும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. அவர்கள் அப்படிச் சொன்னால் நாம் வருந்த வேண்டியதும் இல்லை. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும், நான் அதைச் சொல்ல மாட்டேன். 'வி வேர் ஜஸ்ட் டாக்கிங் அபவுட் யூ' என்று சொல்லிவிட்டு, நூறு ஆயுசு என்பதைத் தமிழிலேயே சொல்வேன். 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரத்தின்போது குறுக்குத்துறைப் படித்துறையில், வெளிநாட்டில் வளர்ந்த பேரன் ஒருவன் தன் தாத்தாவிடம் டெவில் என்று சொல்லி, தாத்தா முகம் சுருங்கி நின்றதைப் பார்த்தவன் நான். அந்தப் பிள்ளை அன்பாகத்தான் சொன்னான். பெரியவருக்கு அது விளங்க வெகுநேரம் ஆயிற்று.

இனி மாணவியின் பத்தியைத் தொட்டுப் பார்க்கலாம். தனித்தொடரைவிட அதைச் சுற்றியிருக்கும் அமைப்பும் எதிர்பாராமையைத் தாங்கும் என்பதால், 'ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் தி அம்பாசமுத்திரம் பஸ் அட் வண்ணார்பேட்டை வென் ஐ ரேன் இன்டூ மை மேத்ஸ் டீச்சர் ஃப்ரம் கிளாஸ் எய்ட்' என்று எழுதச் சொல்வேன். காத்துக்கொண்டிருந்தேன் என்று தொடர்நிகழ்ச்சியாகத் தொடங்கி, வென் என்ற இடத்தில் அதை அறுத்து, புதியது ஒன்றை நுழைப்பதால் சடன்லி என்ற சொல்லுக்கே தேவை இல்லாமல் போகிறது. டீச்சரைப் பற்றி இவ்வளவு லேசாக எழுத மனம் இன்னும் ஒப்பவில்லை என்றால், ரேன் இன்டூ என்பதை எடுத்துவிட்டு ஹேப்பன்ட் டு மீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் டீச்சர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, எந்தக் கணக்கை நினைவு வைத்திருந்தார் என்பதை எழுதுங்கள். உங்கள் கேள்வியில் அது இல்லை. படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் அறிய விரும்புவார்கள்.